தும்மலும் வெங்காயமும்: மானிடவியலின் முதல் பாடம்

குழந்தை தும்மினால் பாட்டிமார் "நூறு" என்பார்கள். இன்னொரு தும்மல் வந்தால் "இருநூறு". எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், "அப்படித்தான் சொல்லணும்" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. நூறு வயது வாழட்டும் என்ற வாழ்த்து என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் தும்மலுக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? இருமினால் யாரும் வாழ்த்துவதில்லை. விக்கினால் தண்ணீர் கொடுப்பார்களே தவிர ஆயுளைக் கூட்டுவதில்லை.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. திருக்குறளின் புலவி நுணுக்கம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. தலைவி ஊடலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். தலைவன் வேண்டுமென்றே தும்முகிறான். தும்மினால் 'நீடு வாழ்க' என்று சொல்லியே தீர வேண்டும், அந்தச் சாக்கில் அவள் பேசிவிடுவாள் என்பது அவன் கணக்கு. எழுதி வைத்து இத்தனை நூற்றாண்டுகள் ஆன பிறகும் அந்தக் கணக்கு நமக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது.

1871இல் லண்டனில் வெளிவந்த ஒரு புத்தகத்தில் இந்தத் தும்மல் விவகாரம் பக்கம் பக்கமாக அலசப்பட்டிருக்கிறது. எழுதியவர் எட்வர்ட் டைலர். புத்தகத்தின் பெயரைத் தமிழில் 'ஆதிப் பண்பாடு' என்று சொல்லலாம். இரண்டு தொகுதி. மானிடவியல் என்ற படிப்பு ஒழுங்காகக் காலூன்றியது இந்தப் புத்தகத்தில்தான் என்று பலரும் சொல்வார்கள். அது முதலில் எதைக் கேட்டது, எதைக் கண்டுபிடித்தது, எங்கே சறுக்கியது என்பதைப் பார்க்கலாம். சறுக்கிய இடம்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

டைலர் கல்லூரிக்குப் போகாதவர். 1832இல் பிறந்தார். குடும்பம் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. இங்கிலாந்துத் திருச்சபையை ஏற்காதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் அன்று திறக்கவில்லை. எனவே அப்பாவின் பித்தளை வார்ப்பட ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். இருபதுகளில் நெஞ்சு நோய்க்கான அறிகுறிகள் தெரிந்தன. இடம் மாறினால் தேறும் என்று அமெரிக்கப் பக்கம் அனுப்பினார்கள். 1856இல் கியூபாவின் ஹவானா நகரத்தில், குதிரை இழுக்கும் பயணிகள் வண்டி ஒன்றில் ஹென்றி கிறிஸ்டி என்ற பழம்பொருள் சேகரிப்பாளரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து மெக்சிகோ போனார்கள். இடிபாடுகள், சந்தைகள், திருவிழாக்கள் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய டைலருக்கு வாழ்நாள் வேலை கிடைத்துவிட்டது. பட்டப்படிப்பு இல்லாத அதே மனிதர் 1896இல் ஆக்ஸ்ஃபோர்டின் முதல் மானிடவியல் பேராசிரியர் ஆனார்.

புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு வேலை செய்தார். பண்பாடு என்றால் அன்றைய இங்கிலாந்தில் நல்ல இசை, நல்ல ஓவியம், நல்ல படிப்பு. சிலரிடம் உண்டு, பலரிடம் இல்லை. டைலர் அதைத் தூக்கிப் போட்டார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று ஒரு மனிதன் தன் சமூகத்தில் பிறந்து வளர்ந்ததால் கற்றுக்கொண்ட அத்தனையும் சேர்ந்த முழுமைதான் பண்பாடு என்றார். கரண்டி பிடிப்பதும் பண்பாடு, கடவுளைக் கும்பிடுவதும் பண்பாடு. தமிழில் இன்றும் "பண்பாடு இல்லாதவன்" என்று திட்டுகிறோம். டைலரின் கணக்கில் அப்படி ஓர் ஆள் உலகத்தில் இருக்கவே முடியாது. ரத்தத்தில் வருவதல்ல, கற்றுக்கொள்வது என்ற அந்த ஒரு சொல்லில்தான் கனம் இருக்கிறது. கறுப்பன், வெள்ளையன் என்று மூளையை அளந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மனித மனம் எங்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது என்று அடித்துச் சொன்னவர் அவர்.

சரி, தும்மலுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் தும்மினால் முன்னோரின் ஆவி தன்னோடு இருக்கிறது என்று நன்றி சொல்கிறார்கள் என்ற தகவல் டைலரிடம் இருந்தது. கிரேக்கத் தளபதி செனபோன் படைவீரர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் தும்ம, அத்தனை பேரும் தெய்வத்தை வணங்கிய செய்தியும் இருந்தது. ஆங்கிலேயர்கள் 'கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்' என்கிறார்கள். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் இப்படி முடிவு கட்டினார்: ஒரு காலத்தில் எல்லா மனிதர்களும் தும்மலை உடம்புக்குள் ஆவி நுழையும், வெளியேறும் தருணமாக நினைத்தார்கள். ஜூலு மக்களிடம் அந்தக் கருத்து உயிரோடு இருக்கிறது. ஆங்கிலேயரிடம் கருத்து செத்துவிட்டது, வாய்ச்சொல் மட்டும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிக் காரணம் போன பின்னும் நிற்கும் வழக்கத்தை அவர் 'எச்சம்' என்ற பொருளில் ஒரு சொல்லால் குறித்தார். நம் சட்டைக் கையில் யாரும் போடாத பொத்தான் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. வீட்டில் அம்மி அரைப்பது நின்று தலைமுறை ஆனாலும் கல்யாணத்தில் அம்மி மிதிக்கிறோம். எச்சம் என்ற கருத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நாள் உங்கள் வீட்டைச் சுற்றி வந்தால் பொழுது போவதே தெரியாது. படிக்க ஆரம்பிக்கிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கருத்தைத்தான், முழுக்கச் சரி என்பதற்காக அல்ல, கண்ணைத் திறந்துவிடும் என்பதற்காக.

அடுத்தது மதம். இங்கே டைலர் இன்னும் துணிந்தார். மதம் என்றால் குறைந்தபட்சம் என்ன? கோயில் வேண்டாம், வேதம் வேண்டாம், பூசாரி வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஆவி வடிவங்கள் உண்டு என்ற நம்பிக்கை இருந்தால் போதும், அது மதம் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் அனிமிசம், தமிழில் ஆவிக் கொள்கை என்று வைத்துக்கொள்ளலாம். வேறு பெயர் வைக்கத்தான் விரும்பினார். ஆனால் இறந்தவர்களோடு பேசுகிறோம் என்று மேசையைச் சுற்றி உட்காரும் கூட்டம் அன்று லண்டனில் பிரபலமாகி, பொருத்தமான சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆவி என்ற எண்ணம் எப்படி வந்திருக்கும்? ஆதி மனிதன் முன்னால் இரண்டு புதிர்கள் இருந்தன என்கிறார் டைலர். நேற்று பேசிய மனிதன் இன்று பிணமாகக் கிடக்கிறான். கை கால் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஏதோ ஒன்று மட்டும் போய்விட்டது. போனது என்ன? இது முதல் புதிர். இரண்டாவது, கனவு. எரித்துவிட்டு வந்த அப்பா ராத்திரி கனவில் வந்து நிற்கிறார், பேசுகிறார். உடம்பு சாம்பல், வந்தது யார்? இரண்டு புதிருக்கும் ஒரே விடை போதும். உடம்பை விட்டுப் போகவும் வரவும் கூடிய, புகை போல, நிழல் போல ஒன்று மனிதனுக்குள் இருக்கிறது. அது உள்ளே இருந்தால் உயிர், வெளியே போனால் சாவு, கொஞ்ச நேரம் உலாத்தினால் கனவு.

பல மொழிகளில் மூச்சுக்கும் ஆன்மாவுக்கும் ஒரே சொல் இருப்பதை டைலர் சாட்சியாகக் காட்டினார். தமிழ் தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இட்லிக் குண்டானைத் திறந்தால் வருவது ஆவி. மூச்சு ஆவி. "ஆவி பிரிந்தது" என்றால் உயிர் போயிற்று. புளியமரத்தில் இருப்பதும் ஆவிதான். கண்ணுக்குப் புலப்பட்டும் கைக்குப் பிடிபடாமல் மேலே போகிற ஒன்று என்ற ஒரே அனுபவத்தில் இருந்து நான்கு பொருளும் கிளைத்திருக்கின்றன.

மனிதனுக்கு ஆவி உண்டு என்றால் மாட்டுக்கும் மரத்துக்கும் ஏன் இருக்கக் கூடாது? செத்தவனோடு அவன் வில்லையும் பானையையும் ஏன் புதைக்கிறார்கள்? இப்படிப் படிப்படியாக ஆவிகள் பெருகி, சில பெரிய தெய்வங்களாகி, கடைசியில் ஒரே கடவுளில் வந்து நிற்பதாக அவர் ஓர் ஏணி கட்டினார்.

ஏணி என்றாலே மேல்படி, கீழ்ப்படி உண்டு. காட்டுமிராண்டி நிலை, அடுத்தது அநாகரிக நிலை, உச்சியில் நாகரிகம். உச்சிப் படியில் யார் நிற்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? மனித மனம் ஒன்றே என்று சொன்ன அதே மனிதர், சிலருடைய மனம் இன்னும் குழந்தைப் பருவத்தில் நிற்கிறது என்றும் சொன்னார். கீழ்ப்படியில் அவர் வைத்த மக்களை ஆண்டுகொண்டிருந்தது அவருடைய நாடு. அந்த ஏணி ஆட்சிக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதை மறந்துவிட்டு அவரை ரசிக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு கோளாறும் இருந்தது. தகவல் எல்லாம் எங்கிருந்து வந்தது? பாதிரியார்கள், கப்பல் தலைவர்கள், கலெக்டர்கள் எழுதிய குறிப்புகளில் இருந்து. திருநெல்வேலிச் சீமையில் போரில் இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததாகக் கால்டுவெல் 1849இல் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வரிகளை உலகெங்குமிருந்து பொறுக்கி எடுத்து, சூழலில் இருந்து பிரித்து, ஓர் அறையில் உட்கார்ந்து கோத்தார்கள். சாய்வு நாற்காலி ஆய்வாளர்கள் என்ற கேலிப்பெயர் பின்னால் அவர்களுக்கு வந்தது. எழுதப்பட்டவர்களுக்கும் வாசிக்கத் தெரியும் என்பதை அவர்கள் நினைக்கவில்லை. கால்டுவெல் அந்த நூலில் எந்தச் சமூகத்தைப் பற்றி எழுதினாரோ அந்தச் சமூகம் பின்னர் கொதித்தெழுந்தது, நூலைப் புழக்கத்தில் இருந்து விலக்க வேண்டி வந்தது.

இனி வெங்காயம்.

டைலர் வாழ்ந்தது இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், வெலிங்டன் என்ற சிற்றூரில். 1872இல், அவருடைய பெரிய புத்தகம் வெளியான மறு வருடம், பக்கத்து ஊரில் ஒரு மதுக்கடையின் புகைபோக்கிக்குள் இருந்து சில வெங்காயங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம், அதைச் சுற்றி நெருக்கமாகக் குத்திய குண்டூசிகள். காகிதத்தில் உள்ளூர் ஆட்களின் பெயர்கள். ஒருவர் செருப்புத் தைப்பவர். பெயர் எழுதப்பட்டவர்கள் குடிக்கு எதிராகப் பேசி வந்தவர்கள் என்றும், கடைக்காரருக்கு அவர்கள் மேல் ஆத்திரம் என்றும் ஊரில் பேச்சு. புகையில் வெங்காயம் வாடி வதங்குவது போல அந்த ஆளும் வாட வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊர்ச் சொல்லில் செய்வினை.

இது எப்படி வேலை செய்வதாக நினைத்தார்கள் என்பதை டைலருக்கு அடுத்த தலைமுறையில் ஜேம்ஸ் ஃபிரேசர் அழகாகப் பிரித்துக் காட்டினார். கேம்பிரிட்ஜில் இருந்தபடி 1890இல் இரண்டு தொகுதியாக ஆரம்பித்து, 1915க்குள் பன்னிரண்டு தொகுதியாக வளர்த்த அவருடைய பெரும் நூலில் மந்திரத்துக்கு இரண்டு விதி சொல்கிறார். ஒன்று, ஒப்புமை விதி. ஒன்றைப் போல இருப்பதற்கு என்ன செய்கிறோமோ அது மூலத்துக்கும் நடக்கும். பொம்மையில் ஊசி குத்துவது இந்த வகை. இரண்டு, தொடர்பு விதி. ஒருமுறை ஒட்டியிருந்தது பிரிந்த பிறகும் ஒட்டியே இருக்கும். முடி, நகம், காலடி மண் எடுப்பது இந்த வகை. வெங்காயம் வாடினால் ஆள் வாடுவான் என்பது முதல் விதி. ஆளின் பெயரை எழுதிச் சேர்த்தது அந்த வெங்காயத்துக்கு முகவரி எழுதியது போல. மந்திரம் என்பது தப்பான காரணகாரியம், தோற்றுப்போன அறிவியல் என்பது ஃபிரேசரின் தீர்ப்பு. நீங்கள் எழுதுகிற காட்டுவாசி எவரையாவது சந்தித்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "ஐயோ, கடவுளே வேண்டாம்" என்று அவர் பதறியதாக ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, ஆளுக்குப் பொருந்துகிற கதை.

டைலர் வெங்காயத்தை எப்படிப் பார்த்தார்? பழைய மூடநம்பிக்கையின் எச்சம், ரயில் ஓடும் இங்கிலாந்தில் எப்படியோ மிச்சமாகிவிட்ட துண்டு. எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. எச்சம் என்றால் காரணம் செத்துப்போன வழக்கம். சட்டைக் கைப் பொத்தான். ஆனால் இந்த வெங்காயத்தில் எது செத்திருக்கிறது? அது அந்த வருடத்துச் சண்டை. இங்கிலாந்தில் மதுக்கடை உரிமங்களைக் கட்டுப்படுத்தும் புதுச் சட்டம் வந்ததும் அதே 1872இல்தான். கடைக்காரருக்குப் பிழைப்பே போய்விடுமோ என்ற பயம், மறுபக்கம் ஒழுக்கம் பேசும் ஊர்ப் பெரியவர்கள், நேரில் மோத வழியில்லை. குண்டூசி ஒவ்வொன்றும் சூடான கோபம். பழசாக இருந்தது வடிவம் மட்டும்.

அதே வருடம் நவம்பரில் டைலர் லண்டனுக்குப் போய், ஆவிகளோடு பேசும் அந்த மேசைக் கூட்டங்களில் தானே உட்கார்ந்தார். படித்த, பணக்கார, நாகரிக ஏணியின் உச்சிப் படி மனிதர்கள் இருட்டறையில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் ஏமாற்று என்று குறித்துக்கொண்டார். ஆனால் எல்லாவற்றையும் மறுத்துவிட முடியவில்லை என்றும் தன் நாட்குறிப்பில் எழுதினார். அதை அவர் வெளியிடவே இல்லை. அச்சில் வந்தது நூறு ஆண்டு கழித்து, 1971இல். புத்தகத்தில் சொன்னதைவிட நேரில் போய் உட்கார்ந்தபோது விஷயம் சிக்கலாக இருந்திருக்கிறது.

நேரில் போய் உட்காருவது என்ற இந்தச் சாதாரண யோசனை ஒரு முறையாக மாற இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1898இல் கேம்பிரிட்ஜில் இருந்து ஏழு பேர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனார்கள். அதில் ஒருவர் ரிவர்ஸ், படிப்பால் மருத்துவர். பார்வைத்திறன் சோதிக்கப் போனவர், யாருக்கு யார் என்ன உறவு என்று வம்சாவளி எழுதும் முறையோடு திரும்பினார். 1901இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே சில மாதங்கள் வேலை செய்தார். எருமைப் பால் கறப்பதும் கடைவதும் அவர்களுக்குப் பூசை. பால்மனையே கோயில், பால்காரரே பூசாரி. எந்தப் பாத்திரத்தை எந்தப் பாத்திரம் தொடலாம் என்பது வரை ஒழுங்கு உண்டு. அதையெல்லாம் ரிவர்ஸ் நுணுக்கி நுணுக்கி எழுதினார்.

பாதியில் ஒரு விபரீதம். அவரிடம் ரகசியச் சடங்குகளைப் பற்றிச் சொன்ன சிலருடைய வீடுகளில் நோயும் சாவும் வந்தன. அந்நியனிடம் சொன்னதால் தெய்வம் கோபித்துவிட்டது என்று குறி சொல்பவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு தகவல் வற்றிப்போயிற்று. இதை ரிவர்ஸே தன் 1906ஆம் வருடத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆய்வாளன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவன் அல்ல, அவன் வந்ததே ஊருக்கு ஒரு நிகழ்ச்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில் பிறந்த ஃபிரான்ஸ் போவாஸ் ஏணியையே கேள்வி கேட்டார். 1883இல் பனிப்பிரதேசமான பாஃபின் தீவுக்குப் போய் இனுயிட் மக்களோடு ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர். அருங்காட்சியகத்தில் எல்லா நாட்டு மத்தளங்களையும் ஒரே அலமாரியில் எளியது முதல் நுட்பமானது வரை அடுக்கும் பழக்கத்தை 1887இல் எதிர்த்தார். மத்தளம் அதை அடிக்கிற மக்களின் மற்றப் பொருள்களோடுதான் இருக்க வேண்டும் என்றார். ஒரு பண்பாட்டுக்கு மேல்படி, கீழ்ப்படி என்று இல்லை, பண்பாடுகள் பல என்ற பேச்சு அங்கே இருந்து வலுத்தது.

கூடாரத்தை ஊருக்கு நடுவிலேயே அடித்தவர் மாலினோவ்ஸ்கி. போலந்துக்காரர், ஆனால் ஆஸ்திரியக் குடிமகன். ஆஸ்திரேலியாவில் இருந்தபோது முதல் உலகப்போர் வெடிக்க, எதிரி நாட்டு ஆள் ஆகிவிட்டார். ஆய்வைத் தொடர அனுமதி மட்டும் கிடைத்தது. 1915க்கும் 1918க்கும் இடையே இரண்டு முறை போய், நியூ கினிக்கு அருகே டிரோப்ரியாண்ட் தீவுகளில் மொழி கற்றுக்கொண்டு, ஊர்ச் சண்டை, சமையல், காதல் எல்லாவற்றையும் தினமும் எழுதினார்.

அவர் கவனித்த ஒன்று, ஃபிரேசரின் தீர்ப்பை ஆட்டிவைத்தது. அந்தத் தீவுக்காரர்கள் உள்காயலில் மீன் பிடிப்பார்கள். நஞ்சு வேரைக் கலக்கினால் மீன் மிதக்கும். ஆபத்தில்லை, ஏமாற்றமும் இல்லை. அதற்கு மந்திரமும் இல்லை. அதே ஆட்கள் திறந்த கடலுக்குப் போகும்போது நீண்ட மந்திரச் சடங்கு செய்வார்கள். அங்கே உயிருக்கும் உத்தரவாதமில்லை, மீனுக்கும் உத்தரவாதமில்லை. ஆக, அவர்களுக்கு எது திறமையால் ஆவது, எது கையை மீறியது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. அவர்கள் மந்திரத்தை நம்பியது படகு கட்டும் நுட்பம் தெரியாததால் அல்ல. நுட்பம் முடிந்துபோகிற எல்லையில் மந்திரம் ஆரம்பித்தது. புது பைக் வாங்கியவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார், அதே ஆள் இன்சூரன்ஸும் போடுகிறார், ஹெல்மெட்டும் மாட்டுகிறார். மூன்றும் அவருக்கு மூன்று வேலை. அவரை "அறிவியல் தெரியாதவர்" என்று சொல்லிவிட்டுப் போனால் நாம்தான் எதையும் பார்க்காமல் போகிறோம்.

மாலினோவ்ஸ்கியைப் புனிதராக்கவும் வேண்டாம். அவர் இறந்தபின் 1967இல் வெளியான சொந்த நாட்குறிப்பில் அந்தத் தீவு மக்களைப் பற்றி எரிச்சலும் இளக்காரமும் நிறைந்த வரிகள் இருக்கின்றன. கூடாரம் ஊருக்கு நடுவில் இருந்தாலும் மனது சில நாள் ஏணியின் மேல்படியில் போய் உட்கார்ந்துகொண்டது. படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். எனக்கு அந்த நாட்குறிப்பு வெளிவந்ததே நல்லது என்று தோன்றுகிறது.

வெங்காயத்தை மாலினோவ்ஸ்கியிடம் கொடுத்திருந்தால் அவர் அந்த மதுக்கடையில் ஆறு மாதம் உட்கார்ந்திருப்பார். செருப்புத் தைப்பவர் கடைக்காரருக்குக் கடன் பாக்கியா, எந்த ஞாயிற்றுக்கிழமை யார் யாரை என்ன சொன்னார், பெயர் எழுதப்பட்டது தெரிந்தபின் அந்த ஆள் எப்படித் தூங்கினார், இதெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் ஏறியிருக்கும். டைலர் கையில் கிடைத்த வெங்காயங்களில் ஒன்று இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சுருங்கி, கறுத்து, காகிதமும் குண்டூசிகளுமாக. அந்தச் செருப்புத் தைப்பவரின் பெயர் ஜான் மில்டன்.